அனுமதி கேட்காத பார்வை



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக் கதவில் ஒரு சிறு துவாரம் இருந்தது. ஒரு மனிதர் அதன் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் நபியவர்களின் கையில் தலையைக் கோதும் இரும்புச் சீப்பு ஒன்று இருந்தது. வந்தவரிடம் நபியவர்கள் கடுமையாகச் சொன்னார்கள். நீர் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்திருந்தால் இதனாலேயே உம் கண்ணைக் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். அனுமதி கேட்டு நுழையவேண்டும் என்ற சட்டமே பார்வையின் காரணத்தால்தான் வந்தது என்றும் விளக்கினார்கள்.

இதைச் சொன்னவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியை யாரும் அதட்டக்கூடாது என்று தடுத்த அதே நபி. ஊரே திரண்டு கல்லால் அடித்தபோதும் அந்த ஊரின் சந்ததிகளுக்காக நல்லதை எதிர்பார்த்த அதே நபி. அந்த நாவிலிருந்து இவ்வளவு கடுமையான ஒரு வார்த்தை வருகிறது. எட்டிப் பார்த்தவர் எதையும் திருடவில்லை. கதவை உடைக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையே அத்துமீறல் என்று மார்க்கம் முடிவு செய்துவிட்டது.

அன்பானவர்களே! இன்று அந்தத் துவாரம் நம் வீட்டுக் கதவில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது. இரவில் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். அதுவும் தொழுகையோடு சம்பந்தப்பட்டது.

2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மதர்போர்ட் என்ற அமெரிக்கச் செய்தித்தளம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. சாதாரண மக்கள் பயன்படுத்தும் செயலிகளிலிருந்து திரட்டப்படும் இருப்பிடத் தகவல்கள் அமெரிக்க ராணுவத்தின் பக்கம் போய்ச் சேருகின்றன என்பது செய்தி. அதில் பெயர் குறிப்பிடப்பட்ட செயலிகளில் ஒன்று முஸ்லிம் ப்ரோ. தொழுகை நேரம் காட்டும், பாங்கு சொல்லும், கிப்லா திசை காட்டும் அந்தச் செயலியை நம்மில் பலர் வைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் உருவானது. அந்தச் சமயத்தில் உலகம் முழுவதும் 9 கோடியே 80 லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்தது.

செய்தியின் விவரம் இதுதான். செயலியைப் பயன்படுத்துபவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல் எக்ஸ்-மோட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனத்தின் தொழிலே இருப்பிடத் தகவல் வியாபாரம். அது யார் யாருக்கோ விற்றது. வாங்கியவர்களில் ராணுவத்துக்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் இருந்தன.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை. ஆகவே நியாயமாகவே பேசுவோம். முஸ்லிம் ப்ரோ நிறுவனம், பயனாளர்களின் தகவலை நாங்கள் ராணுவத்துக்கு விற்கவில்லை என்று மறுத்தது. எக்ஸ்-மோட் உட்பட இப்படிப்பட்ட தகவல் நிறுவனங்களுடனான தொடர்பைத் துண்டிப்பதாகவும் அறிவித்தது. அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய எல்லாக் கதைகளும் உண்மையல்ல. ஆனால் மீதமிருக்கும் உண்மையே போதுமான அளவு கனமானது. கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டவரின் இருப்பிடம், அவருக்குத் தெரியாமல், அவர் பெயரே கேள்விப்படாத ஒரு வியாபாரியின் கைக்குப் போயிருக்கிறது.

இது ஒரே ஒரு செயலியின் கதையும் அல்ல. 2021 ஜனவரியில் ஸலாத் ஃபர்ஸ்ட் என்ற இன்னொரு தொழுகை நேரச் செயலியிலிருந்து பிரான்ஸ் நாட்டின் ப்ரெடிசியோ என்ற நிறுவனத்துக்கு இருப்பிடத் தகவல் போனது வெளியானது. 2022 மார்ச்சில் கூகுள் தன் கடையிலிருந்து பல செயலிகளை நீக்கியது. மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ் என்ற, பனாமாவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தின் நிரல் அவற்றுக்குள் இருந்ததுதான் காரணம். அந்த நிறுவனத்துக்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்ததாரர் ஒருவருக்கும் தொடர்பு இருந்ததாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. நீக்கப்பட்டவற்றில் பாங்கு சொல்லும் செயலியும் கிப்லா காட்டும் செயலியும் இருந்தன. அந்த நிரல் இருப்பிடத்தை மட்டுமா எடுத்தது? தொலைபேசி எண், மின்னஞ்சல், நகலெடுத்து ஒட்டுவதற்காக நாம் போனில் பிடித்து வைக்கும் எழுத்துகள்வரை எடுத்ததாக அதைச் சோதித்த ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இதன் ஹுக்மைப் பேச முடியாது. ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வையுங்கள். எல்லாவற்றையும் அவரே செய்வதில்லை. கதவு ஒருவரிடம், ஜன்னல் ஒருவரிடம் வாங்குகிறார். அப்போது ஒரு வியாபாரி வந்து, “ஜன்னலை நான் இலவசமாகத் தருகிறேன். குடிவருபவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதாமாதம் பணமும் தருகிறேன்” என்கிறார். அந்த ஜன்னலில் ஒரு துவாரம் இருக்கிறது. வீடு கட்டியவருக்கு அது தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். குடிவருபவருக்கு நிச்சயம் தெரியாது. செயலி செய்பவர்களும் இப்படித்தான். யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் துண்டுகளை, எஸ்.டி.கே. என்று சொல்வார்கள், எடுத்துத் தங்கள் செயலிக்குள் பொருத்துகிறார்கள். நாம் இருப்பிட அனுமதி கொடுப்பது தொழுகை நேரத்துக்காக. அதே அனுமதியின் நிழலில் உள்ளே ஒளிந்திருக்கும் துண்டும் நம் இருப்பிடத்தைத் தன் முதலாளிக்கு அனுப்பிவிடும்.

“அதில் என் பெயர் இல்லையே, வெறும் எண்தானே” என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நிறுவனங்களும் அதைத்தான் சொல்கின்றன. 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்போன் இருப்பிடப் பதிவுகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஒரு மனிதர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று 4 புள்ளிகள் தெரிந்தால் போதும், அந்தக் கூட்டத்தில் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். 4 புள்ளிகள் போதும் என்கிறார்கள். நமக்கு நாளொன்றுக்கு ஐந்து வக்து இருக்கிறது. இரவெல்லாம் ஒரு வீட்டில் படுத்திருக்கும் போன், ஃபஜ்ருக்கு ஒரு பள்ளிவாசலுக்குப் போகிறது, ளுஹருக்கு ஒரு கடைத்தெருப் பள்ளியில் நிற்கிறது, மஃரிபுக்கு மறுபடி முதல் பள்ளிக்கே வருகிறது என்றால், அந்தப் போனுக்குச் சொந்தக்காரரின் பெயரை யாரும் எழுதித் தரத் தேவையில்லை.

முஸ்லிம்களாகிய நாம் இதைக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 2001-க்குப் பிறகு நியூயார்க் நகரக் காவல்துறை ஒரு தனிப்பிரிவையே வைத்திருந்தது. முஸ்லிம்கள் எந்தப் பள்ளியில் தொழுகிறார்கள், எந்தக் கடையில் டீ குடிக்கிறார்கள், அங்கே என்ன பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வருவதுதான் அதன் வேலை. அந்த வேலையிலிருந்து தன் காலத்தில் ஒரு வழக்குக்கும் துப்புக் கிடைக்கவில்லை என்று உயர் அதிகாரி ஒருவரே 2012-இல் வாக்குமூலம் கொடுத்தார். 2014-இல் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. அதற்காவது ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பள்ளிவாசலுக்கு அனுப்பவேண்டியிருந்தது. இப்போது அந்தச் செலவும் மிச்சம். நாமே நம் கையாலேயே ஆளைச் சுமந்துகொண்டு போகிறோம்.

சகோதரர்களே! இதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது? அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-வது வசனத்தில் அல்லாஹ் மூன்று காரியங்களை அடுத்தடுத்துத் தடுக்கிறான். முதலில் தீய எண்ணம். அடுத்து தஜஸ்ஸுஸ், அதாவது பிறர் மறைத்து வைத்திருப்பதைத் துருவித் தேடுவது. அதற்கடுத்து புறம் பேசுவது. இந்த வரிசையைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் மனிதன் துருவத் தொடங்குகிறான். துருவினால் ஏதாவது கிடைக்கிறது. கிடைத்ததை வைத்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியாது, யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அந்தக் காலத்தில் சேர்த்தது நாவினால். இப்போது விலைச்சீட்டு ஒட்டிச் சேர்க்கிறார்கள்.

நல்ல நோக்கத்துக்காகவும் இது கூடாதா? உமர் (ரலி) அவர்களைப் பற்றி நற்பண்பு நூல்களில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. கலீஃபாவாக இரவில் நகரைச் சுற்றி வந்தபோது ஒரு வீட்டிலிருந்து ஆட்டம் பாட்டுச் சத்தம் கேட்டது. சுவர் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒருவர் மதுவும் கையுமாக இருந்தார். உமர் (ரலி) கண்டித்தபோது அவர் பதில் சொன்னார்: நான் செய்தது ஒரு பாவம், நீங்கள் செய்தது மூன்று. துருவக்கூடாது என்று அல்லாஹ் சொல்லியிருக்க நீங்கள் துருவினீர்கள். வீட்டுக்கு வாசல் வழியாக வரச் சொல்லியிருக்க சுவர் ஏறி வந்தீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையச் சொல்லியிருக்க இரண்டையும் செய்யவில்லை. உமர் (ரலி) அதை ஏற்றுக்கொண்டு, அவரை மன்னித்துவிட்டுத் திரும்பினார்கள். கையில் ஆட்சி. உள்ளே நடப்பது உண்மையிலேயே ஹராம். நோக்கமும் தூய்மையானது. அப்படியிருந்தும் அந்தக் கலீஃபாவால் எதிர்வாதம் செய்ய முடியவில்லை. விளம்பரம் விற்பதற்காகச் சுவர் ஏறுபவனுக்கு என்ன பதில் இருக்கிறது?

நம்மிடம் அடிக்கடி வரும் ஒரு சமாதானம் இருக்கிறது. “நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. பார்த்துவிட்டுப் போகட்டுமே!” இன்னும் சிலர் இதற்கு மார்க்கச் சாயமும் பூசுவார்கள். அல்லாஹ் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான், இரு தோள்களிலும் மலக்குகள் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள், கம்பெனிக்காரன் பார்த்தால் என்ன என்பார்கள்.

இந்த ஒப்பீடு அடிப்படையிலேயே கோணலானது. அல்லாஹ் எல்லாவற்றையும் பார்க்கிறான், அதோடு மறைக்கவும் செய்கிறான். இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மறுமையில் அல்லாஹ் ஒரு முஃமினைத் தன்னருகே அழைத்து, மற்ற யாருக்கும் தெரியாதபடி திரையிட்டு, அவருடைய பாவங்களை ஒவ்வொன்றாக நினைவூட்டுவான். தொலைந்தோம் என்று அவர் நினைக்கும்போது, உலகத்திலும் இவற்றை மறைத்தேன், இன்றும் மன்னிக்கிறேன் என்று சொல்லிவிடுவான். முழுவதும் தெரிந்த ரப்பு, விசாரணை நாளில்கூட அடியானுக்குத் திரை போடுகிறான். நம் போனைப் பார்ப்பவன் பார்ப்பதே விற்பதற்காக. எழுதும் மலக்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துப் பேச நமக்கு எப்படி மனம் வருகிறது?

தவிர, மறைப்பு என்பது தப்பு செய்தவனுக்கு மட்டும் தேவையானதா? அந்நூர் அத்தியாயத்தின் 58-வது வசனத்தைப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் சிறுபிள்ளைகளும், வீட்டில் வேலை செய்பவர்களும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் அறைக்குள் வரவேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஃபஜ்ருக்கு முன், நடுப்பகலில் உடை களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின். அந்த நேரங்களில் கணவன் மனைவி எந்தப் பாவமும் செய்துகொண்டிருக்கவில்லை, ஹலாலான ஓய்வில் இருக்கிறார்கள். அந்த ஹலாலுக்குத்தான் திரை. பெற்ற பிள்ளையே கேட்டுவிட்டு வரவேண்டிய அந்த மூன்று நேரங்களிலும் அறைக்குள் அனுமதியில்லாமல் படுத்திருப்பது எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

“அனுமதிதான் கேட்கிறார்களே, நாம்தானே அழுத்துகிறோம்” என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதிலுக்கு, அனுமதி என்றால் நம் மார்க்கத்தில் என்ன என்று பார்ப்போம். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வரவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள். ஏன் போனீர்கள் என்று உமர் (ரலி) கேட்டபோது, மூன்று முறை கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிடவேண்டும் என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். அந்நூர் அத்தியாயத்தின் 28-வது வசனமும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்ற கருத்தைச் சொல்கிறது. இல்லை என்று சொல்வதற்கு வீட்டுக்காரருக்கு முழு உரிமை. காரணம் சொல்லவும் தேவையில்லை. வந்தவர் முகம் சுளிக்கவும் கூடாது.

இப்போது செயலி கேட்கும் அனுமதியைப் பாருங்கள். இல்லை என்று அழுத்தினால் அடுத்த தடவை திறக்கும்போது மறுபடி கேட்கும். மறுபடி மறுத்தால், அனுமதி தராவிட்டால் வேலை செய்யாது என்று சொல்லும். டார்ச் லைட் செயலிக்கு நம் தொலைபேசிப் புத்தகம் எதற்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன் என்ற பொத்தான் பெரிதாகப் பச்சையில் இருக்கும். மறுக்கும் எழுத்து சாம்பல் நிறத்தில், என் வயதுக்காரர்களுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் இருக்கும். நிபந்தனைகள் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில். கொடுக்கல் வாங்கலில் இரு தரப்பும் மனமொப்ப வேண்டும் என்பது ஷரீஅத்தின் அடித்தளம். விற்கப்படுவது என்னவென்றே தெரியாத வியாபாரத்தைக் கரர் என்று ஃபுகஹாக்கள் தடுத்திருக்கிறார்கள். கடலில் இருக்கும் மீனையும் வானத்தில் பறக்கும் பறவையையும் விற்க முடியாது. எதைக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், எத்தனை காலத்துக்கு என்று எதுவுமே தெரியாமல் ஒரு விரல் அழுத்துவதை மனமொப்பிய சம்மதம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இது என் அபிப்பிராயம். உலமாக்கள் இன்னும் ஆழமாக ஆராயவேண்டிய விஷயம்.

எட்டிப் பார்த்தவர் சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. துவாரத்தை ஏன் அடைக்கவில்லை என்று நபியவர்களின் குடும்பத்தாரை யாரும் கேட்கவில்லை. குற்றம் முழுவதும் பார்த்தவர் மேல்தான் விழுந்தது. ஆகவே இந்தத் துறையில் நடக்கும் அநியாயத்துக்கு, படிக்காமல் அழுத்திய பாமரரைத்தான் குற்றவாளி என்று சொல்லும் பேச்சை நாம் ஏற்கவேண்டியதில்லை.

ஆனால் ஓர் இடத்தில் நாமும் பொறுப்பாளிகள். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

என் இருப்பிடத்தை நான் கொடுத்தால் அது என் பாடு. என் போனிலுள்ள தொடர்பு எண்களை எடுத்துக்கொள்ள ஒரு செயலிக்கு நான் அனுமதி தரும்போது, கொடுப்பது யாருடையதை? அதில் ஐந்நூறு அறுநூறு பேர் இருப்பார்கள். தலாக் விஷயமாகப் பேச வந்து அழுதுவிட்டுப் போன ஒரு சகோதரியின் எண், கடன் கேட்டவர், மருத்துவர், மகளுக்கு வரன் பார்க்கச் சொல்லி எண் கொடுத்த தகப்பன் என்று எத்தனையோ பேர். பெயருக்குப் பக்கத்தில் நாம் அடையாளத்துக்காக எழுதி வைத்திருப்பது வேறு: “வட்டிக்கடை கேஸ்”, “டயாலிசிஸ் பாய்”, “ஜகாத் விதவை”. அவர்கள் நம்மை நம்பி எண்ணைக் கொடுத்தார்கள். அந்தச் செயலியை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. அழைப்பது யார் என்று காட்டும் ஒரு வசதிக்காக, அல்லது பத்து ரூபாய் தள்ளுபடிக்காக, நாம் அத்தனை பேரையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்தவர் பொருளில் அவர் அனுமதியின்றிக் கை வைக்கக்கூடாது என்பது ஃபிக்ஹின் அரிச்சுவடி. நம்மிடம் இருப்பதாலேயே அது நம்முடையது ஆகிவிடாது. அது அமானிதம்.

அமானிதம் என்றவுடன் நகையும் பணமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. ஒருவர் உங்களிடம் ஏதோ சொல்கிறார். சொல்லிவிட்டு இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அமானிதமாகிவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, சத்தியம் வாங்கவில்லை. கழுத்து ஒரு முறை திரும்பியது. ஒரு மனிதனின் கழுத்து அசைவுக்குக்கூட மதிப்புக் கொடுத்த மார்க்கம் இது. போனில் பேசும்போதும் எழுதும்போதும் நம் எதிரில் இருப்பவர் அப்படித் திரும்பிப் பார்ப்பது நமக்குத் தெரிவதில்லை. போனுக்குச் சுத்தமாகத் தெரியாது. அதனால் அந்த வேலையை நாம்தான் செய்யவேண்டும். யார் எண்ணை, யார் படத்தை, யாருடைய பேச்சை எங்கே விடுகிறோம் என்று அழுத்துவதற்கு முன் ஒரு தடவை அவர்களுக்காக நாம் திரும்பிப் பார்க்கவேண்டும்.

நம் மஹல்லாவுக்குள்ளும் இது பொருந்தும். நிகாஹ் பதிவுக்காக வாங்கிய ஆதார் நகல்கள் அலுவலக மேசையில் யார் வேண்டுமானாலும் புரட்டும்படி கிடக்கக்கூடாது. உதவி பெறுபவர்களின் பெயரும் போன் எண்ணும் உள்ள பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நிற்கவேண்டும். மனைவியின் போனில் அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்புச் செயலியைப் போட்டு வைக்கும் கணவர்களும், கணவன் போனில் போட்டு வைக்கும் மனைவியரும் இருக்கிறார்கள். அல்ஹுஜுராத் வசனம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் இறங்கியது. சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பது வேறு. அது பெற்றோரின் கடமை, அதையும் பிள்ளைக்குத் தெரிந்தே செய்வது நல்லது.

இந்த ஜமாஅத்தில் கணினித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு இதை இணையத்தில் படிப்பவர்களும் உண்டு. ஜன்னல் பொருத்தும் வேலை உங்கள் கையில் வரும். இந்த நிரல் துண்டு எதை எடுக்கிறது, எங்கே அனுப்புகிறது என்று கேளுங்கள். தேவைக்கு மேல் ஏன் எடுக்கிறோம் என்று கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்புங்கள். அந்தக் கேள்வியால் பதவி உயர்வு தள்ளிப்போகலாம், எனக்குத் தெரியும். வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் இருக்கும்போது இது சுலபமில்லை என்பதும் தெரியும். உங்கள் சம்பளம் ஹராம் என்று மிம்பரிலிருந்து பொத்தாம் பொதுவாக ஃபத்வா கொடுக்க நான் வரவில்லை. ஒவ்வொருவர் வேலையும் வேறு. விவரத்தோடு ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் பிறர் விரும்பாத நிலையில் அவர்கள் பேச்சை ஒட்டுக் கேட்பவரின் காதில் மறுமையில் ஈயம் உருக்கி ஊற்றப்படும் என்ற எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது. ஒட்டுக் கேட்கும் காதைச் செய்து கொடுப்பவருக்கு அதில் பங்கே இருக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டங்கள் மெதுவாக வருகின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதில் அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கும் பிரிவுகளும் இருக்கின்றன. நான் முதலில் சொன்ன எக்ஸ்-மோட் நிறுவனம் பிறகு அவுட்லாஜிக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. மருத்துவமனை, வழிபாட்டுத்தலம் போன்ற இடங்களுக்கு யார் போனார்கள் என்று காட்டும் தகவலை விற்கக்கூடாது என்று 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதற்குத் தடை போட்டது. செய்தி வெளியாகி மூன்று வருடங்களுக்கு மேல் ஆனபின் வந்த தடை. அதுவரை விற்றது விற்றதுதான்.

நம்மால் இன்றே முடிந்ததைச் செய்வோம். தொழுகை நேரம் பார்க்க ஊர்ப் பெயர் போதும், நாம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று தெரியத் தேவையில்லை. ஊர் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. கிப்லா பார்க்க இருப்பிடம் தேவைப்பட்டால், பயன்படுத்தும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள், எப்போதும் என்பதை அல்ல. துல்லியமான இருப்பிடம் என்ற பொத்தானை அணைத்துவிடலாம். அமைப்புகளுக்குள் போய் எந்தெந்தச் செயலிக்கு மைக், தொடர்பு எண்கள், இருப்பிடம் கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலைப் பாருங்கள். பல பேருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதியும், ஐபோனில் பின்தொடர வேண்டாம் என்று சொல்லும் வசதியும் உண்டு. ஒரு மாதமாகத் திறக்காத செயலியை நீக்கிவிடுங்கள். நம் பள்ளிச் சுவரில் தொழுகை நேர அட்டவணை ஒன்று வருடக்கணக்காகத் தொங்குகிறது. அது யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

இதையெல்லாம் செய்யத் தெரியாத பெரியவர்களுக்காக, ஜும்ஆ முடிந்ததும் நம் ஜமாஅத்தின் இளைஞர்கள் சிலர் ஒளு செய்யும் ஹவுளுக்குப் பக்கத்தில், அஸர் வரை உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் போனைக் கொண்டுபோங்கள், கூடவே உட்கார்ந்து மாற்றித் தருவார்கள். பூட்டைத் திறக்கும் எண்ணை மட்டும் அவர்களிடம் சொல்லவேண்டாம். நீங்களே திறந்து கொடுங்கள். நீங்கள் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.